மலைக்கு இந்தப் பக்கத்து விடியல்

ஆழிவரம் என்றொரு பட்டணம். வரைபடத்தில் தேடாதீர்கள். தூக்கம் கலைவதற்குச் சற்று முன்பு கண்ணுக்குள் தெரிகிற ஊர்களில் அதுவும் ஒன்று. அங்கே நடந்த ஒரு வழக்கைச் சொல்லப்போகிறேன். கடைசியில் உங்களிடம் ஒரு கேள்வி கேட்பேன், அதனால் கொட்டாவி விடாமல் கேளுங்கள்.

பட்டணத்தின் நடுவே வடக்கு தெற்காக ஒரு மலை படுத்திருந்தது. கிழக்கே கடல், கடலோரம் உப்பளத்தார். வெயில் ஏறிவிட்டால் அளத்தில் கால் வைக்க முடியாது என்பதால், சூரியன் தண்ணீரை விட்டுக் கிளம்பும்போதே அவர்கள் வேலை முடியும் தறுவாயில் இருக்கும். மலைமேல் மேட்டுத்தெரு. நல்ல காற்று, அகலமான வாசல்கள், மிளகும் ஏலமும் விற்றுப் பணம் சேர்த்த குடும்பங்கள். மேற்கு அடிவாரத்தில் சாயப்பள்ளம். சாயத்துணி நிழலில் உலர்ந்தால்தான் நிறம் நிற்கும், அலச ஓடைத் தண்ணீர் வேண்டும். நிழலும் தண்ணீரும் பள்ளத்தில் தாராளம். வேறு எதுவும் அங்கே தாராளமில்லை. மலையின் நிழல் விலகிப் பள்ளத்தில் வெயில் விழும்போது, மேட்டுத்தெருவில் பலகாரம் முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், காலையில் அவரவர் வேலை அவரவருக்கு. அடுத்த பகுதியின் விடியலை யாரும் கவனித்துப் பார்த்ததில்லை. தன் வீட்டு வாசலில் எப்போது விடிகிறதோ அப்போதுதான் உலகத்துக்கே விடிகிறது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

பள்ளத்துச் சாயத்தொட்டிகள் அம்பலவாணர் என்ற மிளகு வணிகருக்குச் சொந்தம். தொட்டியில் வெயில் விழுந்த பிறகுதான் கூலிக்கணக்கு தொடங்கும். அது அவர் வைத்த வழக்கம். அதற்கு முன் தண்ணீர் சுமந்தது, அடுப்பு மூட்டியது எதுவும் கணக்கில் சேராது. பொழுதுதான் இன்னும் கிளம்பவில்லையே!

அந்தப் பள்ளத்தில் சிவப்புச் சாயம் தோய்ப்பவள் காமாயி. புருஷன் போன பிறகு, அவளும் அவள் மகளும் சோறு தின்றது அவள் வேலை செய்த ஒரு தொட்டியால்தான்.

அம்பலவாணரின் மகள் தெய்வானைக்குக் கல்யாணம் வந்தது. பொழுது கிளம்பின கொஞ்ச நேரத்தில் முகூர்த்தம். முந்தின நாள் சாயங்காலம் அவர் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு பள்ளத்துக்கு இறங்கி வந்தார்.

"பொழுது கெளம்புறதுக்குள்ள கூறைப்புடவை என் வாசலுக்கு வந்துடணும், காமாயி. பொண்ணு அதைக் கட்டிக்கிட்டுத்தான் மணையில உக்காரணும். தவறிச்சுன்னா தொட்டியை வேற ஆளுக்கு விட்டுடுவேன்."

"தவறாதுங்கய்யா. பொழுது வர்றதுக்குள்ள கொண்டாந்துடுறேன்."

சொன்னபடியே இரவோடு இரவாகத் தோய்த்தாள். அப்படியொரு சிவப்பு அவள் கைக்கு அதற்குமுன் வாய்த்ததில்லை. பள்ளத்தில் பனியும் தொட்டி ஆவியும் கலந்து, எது வானம் எது புகை என்று தெரியாமல் மங்கலாக இருந்தது. கொடியில் தொங்கிய புடவையின் முந்தானையைத் தொட்டுப் பார்த்தாள். லேசான ஈரம். மணப்பெண்ணுக்கு ஈரத்தோடு கொடுக்கலாமா? பொழுது வரத்தான் நேரமிருக்கிறதே என்று காத்திருந்தாள். நன்றாக உலர்ந்ததும் மடித்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மலையேறினாள்.

பாதி மலையில் அவள் அதைப் பார்த்தாள். வெயில் ஒரு கோடாகச் சரிவில் இறங்கி வந்துகொண்டிருந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் நீல நிழல், அந்தப் பக்கம் பொன். ஓர் அடி எடுத்துவைத்தாள். இரவிலிருந்து பகலுக்குள் வந்துவிட்டாள். கையிலிருந்த புடவை பற்றிக்கொண்டதுபோல் ஒளிர்ந்தது. பிறந்ததிலிருந்து அவள் பார்த்ததிலேயே அழகான காட்சி அது. பாவம், அதைப் பார்த்த இடத்திலேயே அவள் நின்றுவிட்டாள்.

எதிரே உப்புக்கூடையோடு இறங்கி வந்த உப்பளத்துச் சந்தனமாரி, "என்னக்கா, பேயறஞ்ச மாதிரி நிக்கிறே?" என்றாள்.

"பொழுது எப்ப கெளம்புச்சு?"

"அது கெளம்பி எம்புட்டு நேரமாச்சு! அளத்துல வேலைய முடிச்சு, மலையேறி எறங்கிக்கிட்டு இருக்கேன் நான்."

காமாயி ஓடினாள். மேலேயிருந்து கெட்டிமேளம் கேட்டது. அவள் வாசலை அடைந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. தெய்வானை தன் அம்மாவின் பழைய புடவையில், அழுது சிவந்த கண்ணோடு உட்கார்ந்திருந்தாள்.

"வாக்குத் தவறிட்டே. தொட்டி இனிமே உனக்கில்ல" என்றார் அம்பலவாணர். குரல் நடுங்கியது. மகள் அழுதால் எந்த அப்பனுக்கும் நடுங்கத்தான் செய்யும்.

"தவறலைங்கய்யா. இப்படி வந்து கீழ எட்டிப் பாருங்க. பள்ளத்துல இன்னும் பொழுது வரல."

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். பள்ளம் நீல நிழலில் தூங்கிக்கொண்டிருந்தது. கல்யாணத்துக்கு வந்திருந்த ஊர் நடுவர் முன்னால் வழக்கு அங்கேயே வந்துவிட்டது. சூரியன் வந்ததை ஊரே பார்த்தது, அதுவும் மெய். அவள் பகுதிக்கு அது வரவில்லை, அதுவும் மெய்.

நீங்களே சொல்லுங்கள். காமாயி வாக்குத் தவறினாளா, இல்லையா? இருவரில் யார் சொன்னது சரி?

விடை: பேச்சு நடந்தது பள்ளத்தில் என்று சிலர் சொல்வீர்கள். வாசல் இருப்பது மேட்டில் என்று எதிர்த்தரப்பு சொல்லும். அப்படிப் போனால் விடிய விடியப் பேசலாம். நடுவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "நாளைக்குப் பள்ளத்துல கூலிக்கணக்கு எப்பத் தொடங்கும்?" "தொட்டியில வெயில் விழுந்ததும்" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டார் அம்பலவாணர். கூலிக்கு ஒரு சூரியன், வாக்குக்கு ஒரு சூரியன் என்று ஒரே ஆள் வைத்துக்கொள்ள முடியாது. பள்ளத்துப் பொழுதுதான் பொழுது என்றால் புடவை நேரத்துக்கு வந்துவிட்டது. மேட்டுப் பொழுதுதான் என்றால், அவள் பிந்தியது ஒரு காலை. கூலி கொடுக்காமல் அவர் எடுத்துக்கொண்ட காலைகளுக்கு எண்ணிக்கையே இல்லை. தொட்டி காமாயிக்கே என்று தீர்ப்பாயிற்று. மணப்பெண்ணின் கண்ணீரை அந்தத் தீர்ப்பு துடைக்கவில்லை. காமாயி அந்தப் புடவையைத் தெய்வானையின் மடியில் வைத்தாள். "மன்னிச்சுக்கம்மா. இங்க முன்னாடியே விடிஞ்சிரும்னு எனக்கு யாரும் சொல்லல" என்றாள்.