சிமிழிக்கு உரிய மீன்

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில், பாறைகளுக்கு நடுவே ஓர் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. அதன் கரையில் வளை தோண்டி, நெடுவால் என்ற ஆண் நீர்நாயும் கயலி என்ற பெண் நீர்நாயும் வாழ்ந்து வந்தன. அவற்றுக்குச் சிமிழி என்று ஒரே ஒரு குட்டி.

நெடுவால் நல்ல உழைப்பாளி. ஆனால் ரோஷம் அதிகம். கயலிக்கு அன்பு அதிகம், வாயும் கொஞ்சம் அதிகம். விடிந்தால் ஒரு சண்டை, பொழுது சாய்ந்தால் ஒரு சண்டை. சமாதானம் பேச வந்த பறவைகள்கூட அலுத்துப்போய்ப் பறந்துவிட்டன. ஒருநாள், "இனி நமக்குள் ஒத்துவராது" என்று இரண்டுமே சொல்லிவிட்டன. வெகுநாளைக்குப் பிறகு இரண்டும் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

சரி, குழந்தைகளே, சிமிழி யாரிடம் இருப்பது?

வழக்கு ஆமையிடம் போனது. அந்தக் காட்டில் தீர்ப்புச் சொல்வது ஆமைதான். எதிலும் அவசரப்படாது.

"ஆமையாரே, குட்டி என்னிடம் இருக்கட்டும். இந்த ஆற்றில் என்னைப்போல் மீன் பிடிப்பவர் யார் இருக்கிறார்கள்?" என்றது நெடுவால்.

"தனியாகத் தூங்கக்கூட அதற்கு இன்னும் தெரியாது. என்னை விட்டு எப்படி இருக்கும்?" என்றது கயலி.

இரண்டும் பேசி முடித்த பிறகு ஆமை சொன்னது:

"நீங்கள் பிரிந்துபோவதை நான் தடுக்க மாட்டேன். ஆனால் சிமிழி உங்கள் இருவரில் யாரையும் பிரியவில்லை. குட்டி சிறியது, தாயிடமே வளரட்டும். நெடுவாலே, அதன் சாப்பாட்டுக்குத் தினமும் நீ மீன் கொடுக்க வேண்டும். கயலி, வாரத்தில் ஒரு பகல் நீ குட்டியைத் தந்தையிடம் அனுப்ப வேண்டும்."

இரண்டும் தலையாட்டின. கயலி குட்டியோடு மேட்டுச் சுனைக்குக் குடிபோனது.

கொஞ்ச காலம் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. நெடுவால் காலையில் ஒரு கெண்டையைச் சுனைக்கரையில் வைத்துவிட்டு வரும். சிமிழி வரும் நாளில், அதை முதுகில் ஏற்றிக்கொண்டு ஆறு முழுவதும் நீந்தும். அந்த ஒரு பகலுக்காகவே மற்ற நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் கீரி வந்தது. அக்கம்பக்கத்தில் சண்டை ஓய்ந்துவிட்டால் கீரிக்குப் பொழுதே போகாது.

"அண்ணே, குட்டியோ அவளிடம். மீன் பிடிப்பதோ நீங்கள். அந்த மீனில் பாதி யார் வயிற்றுக்குப் போகிறதென்று யோசித்தீர்களா? நிறுத்திப் பாருங்கள். அவளே இறங்கி வருவாள்."

நெடுவாலுக்குச் சுருக்கென்றது. மறுநாளிலிருந்து சுனைப் பக்கமே போகவில்லை.

சிமிழி வரவேண்டிய பகல் வந்தது. சிமிழி வரவில்லை. நெடுவால் மேட்டுக்கு ஏறிப்போய்க் கேட்டது.

"மீன் கொடுக்காதவருக்குக் குட்டி எதற்கு?" என்று கயலி வளையின் வாயை மறித்து நின்றது.

"குட்டியைக் காட்டாதவளுக்கு மீன் எதற்கு?" என்று நெடுவாலும் திரும்பிவிட்டது.

பல நாட்கள் இப்படியே போயின. கடைசியில் பொறுக்க முடியாமல் நெடுவால் ஆமையிடம் முறையிட்டது. ஆமை கயலிக்கு ஆள் அனுப்பி, குட்டியோடு வரச் சொன்னது.

தாயின் பின்னால் நடந்து வந்த சிமிழியைப் பார்த்ததும் நெடுவாலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குட்டி எலும்பும் தோலுமாக இருந்தது.

"பட்டினியா போட்டாய்?" என்று சீறியது நெடுவால்.

"நானா? என்னால் முடிந்த அயிரையைப் பிடித்துப் போடுகிறேன். வாயில் வைக்க மாட்டேன் என்கிறது. கெஞ்சிப் பார்த்துவிட்டேன், திட்டியும் பார்த்துவிட்டேன்," என்று கயலி அழுதது.

ஆமை குட்டியின் பக்கம் திரும்பியது. "ஏனம்மா சாப்பிடவில்லை?"

சிமிழி அம்மாவைப் பார்த்தது, அப்பாவைப் பார்த்தது. பிறகு மெல்லச் சொன்னது: "மீனால்தானே சண்டை வருகிறது, தாத்தா? நான் மீனே சாப்பிடாமல் இருந்துவிட்டால், அப்பா எதுவும் கொடுக்க வேண்டாம். அப்புறம் அப்பாவைப் பார்க்க என்னை விட்டுவிடுவார்கள் இல்லையா?"

கயலியை வாட்டுவதாக நினைத்துக்கொண்டு, தான் யாரை வாட்டியிருக்கிறோம் என்பது அப்போதுதான் நெடுவாலுக்குப் புரிந்தது. கயலியும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது.

ஆமை சொன்னது: "மீனும் சிமிழிக்கு உரியது. தந்தையோடு இருக்கும் பகலும் சிமிழிக்கு உரியது. அவற்றில் ஒன்றை நிறுத்தி வைக்க உங்களில் ஒருவருக்கும் உரிமை இல்லை. ஒருவர் சொல் தவறினால் மற்றவர் என்னிடம் வாருங்கள். குட்டியை நடுவில் நிறுத்தாதீர்கள்."

நெடுவால் உடனே ஆற்றில் பாய்ந்தது. ஒரு கொழுத்த கெண்டையோடு கரையேறி, அதைச் சிமிழியின் முன்னால் வைத்தது.

சிமிழி தொடவில்லை. தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"சாப்பிடு கண்ணு. அப்பா உனக்காகப் பிடித்தது," என்றது கயலி.

"அம்மா பிய்த்துத் தருவாள், சாப்பிடு," என்றது நெடுவால்.

கயலி மீனைப் பிய்த்துக் கொடுத்தது. சிமிழி ஒரு துண்டை வாயில் வைத்தது. பிறகு இன்னொன்று. பிறகு யாரும் ஊட்டத் தேவையில்லாமல், முழு மீனையும் தானே இழுத்துத் தின்னத் தொடங்கியது.

அது தின்று முடிக்கும்வரை இரண்டு நீர்நாய்களும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தன. அதன்பின் கயலி குட்டியோடு மேட்டுக்கும் நெடுவால் ஆற்றுக்குமாகத் தத்தம் வழியே போயின.

நீதி: பெற்றோர் பிரிந்தாலும், பிள்ளைக்கு உரிய உணவையும் அன்பையும் ஒருவரையொருவர் தண்டிக்கும் கருவியாக்கக் கூடாது.