கல் கருடன் தலையில் ஏறிய சாரைப்பாம்பு

காட்டுக்குள் ஒரு தாமரைக் குளம். அதன் கரையில் இடிந்த மண்டபம். மண்டபத்தின் உச்சியில், சிறகை விரித்து, கால் நகங்களில் பாம்பைப் பற்றியபடி ஒரு கல் கருடன் நின்றது. அதைப் பார்த்தாலே பாம்புகளுக்குக் குலைநடுங்கும். ஒரு பாம்பும் கிட்டே வராது. தவளைகளுக்குக் கொண்டாட்டம்தான்!

குண்டன் என்ற தவளைக்கு மட்டும் வாய் சும்மா இருக்காது. ஒருநாள் வெயில் ஏறும் நேரத்தில் மண்டபப் படியில் நின்று கத்தியது.

"இது வெறும் கல்லு! இது யாரைப் பிடிக்கப் போகுது?"

தூரத்துப் புதரில் கிடந்த சாரைப்பாம்பு இதைக் கேட்டுவிட்டது. "அடடா! இதுக்குப் பயந்தா இத்தனை நாள் பட்டினி கிடந்தேன்?" என்று சீறி வந்தது. குண்டன் தண்ணீரில் குதித்து மறைந்தது. பாவம், அல்லி என்ற தவளையின் குட்டிகள் கரையில் மாட்டிக்கொண்டன. அவற்றுக்கு வால்கூட இன்னும் முழுதாக மறையவில்லை.

அல்லிக்கு உயிரே போனதுபோல் இருந்தது. ஆனாலும் வானத்தைப் பார்த்தது. உச்சி வெயில் நெருங்கிவிட்டது. அந்த வேளையில் தவளைகள் எல்லாம் தாமரை இலைக்கு அடியில் பதுங்குவது குளத்து வழக்கம். ஏன் என்று, குளத்துப் பக்கமே வராத பாம்புக்குத் தெரியாது.

"பாம்பண்ணே! நாங்க எங்கே ஓடிடப் போறோம்? முதல்ல அந்தக் கருடன் தலைமேல ஏறி நில்லுங்க. உங்க வீரத்தைக் காடே பார்க்கட்டும்!"

பாம்புக்குத் தலைகால் புரியவில்லை. சரசரவென்று ஏறியது. இல்லாத படத்தை விரிப்பதுபோல் கழுத்தை நிமிர்த்தியது.

"எல்லாரும் பாருங்க! கருடன் என் காலடியில!"

கால் ஏது என்று கேட்க அல்லிக்கு நேரமில்லை. குட்டிகளை இலைக்கு அடியில் தள்ளியது.

மேலே ஒரு நிழல் விழுந்தது. தினமும் உச்சி வெயிலில் குளத்தைச் சுற்றிவரும் நிஜக் கருடன்! வெட்டவெளியில் நெளிந்த பாம்பை ஒரே பாய்ச்சலில் தூக்கிக்கொண்டு போனது.

தவளைகள் எட்டிப் பார்த்தன. விரித்த சிறகு, நகங்களில் பாம்பு. கல்லில் செதுக்கியிருந்த அதே காட்சி!

"அப்பாடா!" என்று குளமே மூச்சுவிட்டது.

குண்டன் தலைகுனிந்து வந்தது. "கல்லு பறக்காதுன்னுதானே அக்கா நினைச்சேன்?"

"பறக்காதுதான்டா. பறக்கிறவன் மேலே இருக்கான்னு அது சொல்லிக்கிட்டே இருந்துச்சே!" என்ற அல்லி, குட்டிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துச் சிரித்தது.

சிலையைக் கல்தானே என்று சிரிப்பவர், அது எதை நினைவூட்ட நிற்கிறது என்பதையும் தெரிந்துகொண்டு சிரிக்க வேண்டும்.