மூன்று நாள் நின்ற மிளகு மூட்டைகள்

பனிமலை நாட்டுக்கு ஊர் ஊராக வழி கேட்டுத்தான் போக வேண்டியிருந்த காலம் அது. அந்நாட்டு ராஜா மகளுக்குக் கல்யாணம். விருந்துக்கு மிளகு கொண்டு போனான் தெற்கத்தி வணிகன் கீரந்தை. பன்னிரண்டு கோவேறு கழுதைகள், இருபத்துநாலு மூட்டை. கழுதைகளை ஓட்டி வழிகாட்டியவள் டோல்மா என்னும் மலைக்காரி.

கணவாயை நெருங்கியபோது, கடுங்குளிர் அடிக்க வேண்டிய தை மாதத்தில் பங்குனி வெயில் காய்ந்தது. கீரந்தைக்கு ஒரே குஷி. கம்பளியைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டான். டோல்மாவோ சரிவின் அடியில் கழுதைகளை நிறுத்திவிட்டாள்.

முதல் நாள் சரிவை அண்ணாந்து பார்த்தாள். யாரும் தொடாமலே பனி உருண்டைகள் உருண்டு வந்தன. "இன்று வேண்டாம் ஐயா" என்றாள்.

இரண்டாம் நாள் ஓரமாய்ப் பனியில் குழி தோண்டினாள். மேலே பிசைந்த மாவு போல ஈரப்பனி. அடியிலே ஒன்றோடொன்று ஒட்டாத குருணை போலப் பனி. "மேலே கனம், கீழே பிடிப்பில்லை. இன்றும் வேண்டாம்."

மூன்றாம் நாள் சரிவின் விளிம்பில் காலை வைத்தாள். பனி 'உம்' என்று முனகியது. ஒரு விரிசல் நீளமாய் ஓடியது. காலை எடுத்துவிட்டாள்.

கீரந்தைக்குப் பொறுமை போய்விட்டது. "வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. உனக்குப் பயமென்றால் இங்கேயே இரு. நான் போகிறேன்."

"போங்கள் ஐயா. கழுதைகளை மட்டும் விட்டுவிட்டுப் போங்கள். அவை உங்களோடு சண்டை போடவில்லை."

கீரந்தைக்குக் கோபம் வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. சிரித்த பிறகு எப்படித் தனியாகப் போவது? முணுமுணுத்துக்கொண்டே ஒரு மூட்டை மேல் உட்கார்ந்தான்.

உச்சி வெயிலில் சரிவு பிளந்தது. மலையே சட்டையைக் கழற்றியது போல மொத்தப் பனியும் வழுக்கி இறங்கி, பாதையை மூடிக்கொண்டு போனது. காற்றில் பறந்த பனித்தூள் கீரந்தையின் மீசையையெல்லாம் வெள்ளையாக்கியது. அவன் மீசையைத் துடைத்துக்கொண்டான்.

பிறகு, "எல்லாம் விழுந்துவிட்டதே, இப்போது போகலாமா?" என்றான். சொன்ன வாயை மூடாமலே அண்ணாந்து பார்த்தான். மேற்குப் பக்கம் இன்னும் பனி தொங்கிக்கொண்டிருந்தது. டோல்மாவின் கோலை எடுத்துத் தானே குழி தோண்டினான். மாவு, குருணை.

"வேண்டாம்" என்றான் கீரந்தை.

டோல்மா சிரித்துக்கொண்டே கஞ்சிக்கு அடுப்பு மூட்டினாள். அவன் ஒரு கை மிளகை இடித்துப் போட்டான். அன்று மாலையே வாடைக்காற்று திரும்பியது. விடியும்போது விழுந்த பனியும் தொங்கிய பனியும் கல்லாய் இறுகிக் கிடந்தன. அவளும் காலை வைத்துப் பார்த்தாள், அவனும் வைத்துப் பார்த்தான். முனகல் இல்லை. வெயில் ஏறுமுன் கணவாயைக் கடந்தார்கள்.

மிளகு போய்ச் சேரும்போது தாலி கட்டி முடிந்திருந்தது. விருந்து மட்டும் மீதி. "ஏன் தாமதம்?" என்று கேட்டார் ராஜா.

மழை, நோய் என்று எதையாவது சொல்லியிருக்கலாம். கீரந்தை சொல்லவில்லை. "மகாராஜா, இந்த அம்மா மூன்று நாள் என்னைத் தடுத்தாள். மூன்று நாளும் நான் சண்டை போட்டேன். அவள் தோற்றிருந்தால் உங்களுக்கு மிளகும் இல்லை, எனக்கு உயிரும் இல்லை."

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். பந்தியில் முதல் இலை டோல்மாவுக்கு விழுந்தது. பக்கத்து இலையில் கீரந்தை உட்கார்ந்து அவளைவிட இரண்டு மடங்கு சாப்பிட்டான்.

ஆகையால் கேட்டவர்களே, போகும் அவசரம் எவ்வளவு பெரிதானாலும், ஆபத்தைச் சோதித்துப் பார்த்து நிற்கத் தெரிந்தவரே பத்திரமாய்ப் போய்ச் சேருவார்.