இரு திசையிலும் இல்லாத ஞானம்

முன்னொரு காலத்தில், அரிசியைவிட ஞானம் மலிவாகக் கிடைத்த ஒரு நாட்டை வீரகேதன் என்ற அரசன் ஆண்டுவந்தான். அவன் சபையில் இரண்டு பேரறிஞர்கள். கீழ்த்திசை நூல்களைக் கரைத்துக் குடித்தவர் சர்வேசுர பட்டர். கடல் தாண்டி வந்து மேற்றிசை நூல்களை விளக்கியவர் அல்போன்சு துரை. யார் எதைச் சொன்னாலும், "அது எங்கள் நூலில் அன்றே இருக்கிறது" என்பதுதான் இருவருக்கும் தொழில். பருப்பை ஊறவைத்தால் சீக்கிரம் வேகும் என்று சமையற்காரன் சொன்னால்கூட விடமாட்டார்கள்.

ஒருநாள் அரசனுக்குச் சலித்துவிட்டது. "கிழக்கிலும் இல்லாத, மேற்கிலும் இல்லாத ஞானம் ஒன்று எமக்கு வேண்டும்" என்றான்.

அரசன் தன் கையால் வெற்றிலை மடித்துக் கொடுப்பது சபை விகடகவி மருதப்பனுக்கு மட்டும்தான். அந்தப் பொறாமை அறிஞர்கள் நெஞ்சில் வெகுநாளாகப் புகைந்துகொண்டிருந்தது.

"அரசே, இதற்கு மருதப்பனே தகுந்தவர். மூன்று நாள் தவணை கொடுங்கள். தவறினால் நாடு கடத்துங்கள்" என்றார் பட்டர். துரையும் தலையாட்டினார். கொண்டுவருவது புதிய ஞானம்தானா என்று தீர்ப்புச் சொல்வதும் அவர்கள் இருவரே என்று முடிவாயிற்று. திருடன் கையில் சாவி கொடுத்த கதைதான்.

முதல் நாள் மருதப்பன், "மழை பெய்தால் எருமைக்குக் கவலை இல்லை" என்றான்.

"பற்றற்ற நிலை. எங்கள் சுவடியில் மூன்றாம் இயல்" என்றார் பட்டர்.

"இன்பதுன்பங்களைச் சமமாகக் கொள்ளுதல். எங்கள் புத்தகத்தில் முதல் பக்கம்" என்றார் துரை.

மறுநாள், "அவித்த முட்டை குஞ்சு பொரிக்காது" என்றான். வினை அறுந்தவனுக்கு மறுபிறவி இல்லை என்பதாம் அது, கிழக்கில். காரணமின்றிக் காரியமில்லை என்பதாம், மேற்கில்.

வீட்டில் அவன் மனைவி செங்கமலம் பாத்திரங்களை மூட்டை கட்டத் தொடங்கிவிட்டாள். "இனிமே எந்த ஊர்ல போயி நான் உலை வைக்கிறது?" என்று அழுதாள்.

மூன்றாம் நாள் மருதப்பன் சபையில் எழுந்து நின்றான்.

"அரசே, பிறர் சோற்றில் கொழுத்த ஞானம் ஞானமன்று. இதை அறிந்தவன் அரண்மனைச் சோற்றைத் தொடலாகாது. அறிந்தும் தொட்டால் அவன் திருடன்."

"அது எங்கள் சுவடியில்..." என்று வழக்கம்போல ஆரம்பித்த பட்டர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். பதினெட்டு வருட அரண்மனை நெய்யில் வளர்ந்த தொந்தி அவருடையது. துரை மேற்கூரையைப் பார்த்தார்.

"சொல்லுங்கள்" என்றான் அரசன். "உங்கள் நூல்களில் இருக்கிறதென்றால், இத்தனை காலமும் அறிந்தே உண்டீர்கள் என்றாகிறது."

"கிழக்கில் இல்லை, அரசே" என்றார் பட்டர், மென்று விழுங்கி.

"மேற்கில் அறவே இல்லை" என்றார் துரை அவசரமாக.

அரசன் மீசையைத் தடவினான். "மருதப்பா, நீ தப்பினாய். ஆனால் இப்போது நீயும் இதை அறிந்தவனாயிற்றே. இனி உன் சோற்றுக்கு என்ன வழி?"

"அந்தப் பயத்தில்தான் அரசே, மடைப்பள்ளியில் மூக்குப்பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு வந்து இதைச் சொன்னேன்."

அரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மருதப்பன் தன் சோற்றைத் தானே விளைத்துக்கொள்ளட்டும் என்று இரண்டு வேலி நன்செய் நிலம் எழுதிக் கொடுத்தான். செங்கமலம் மூட்டையை அவிழ்த்தாள்.

அன்றைய பந்தியில் அறிஞர்கள் இருவரையும் காணோம். மறுநாளோ முன்வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பசித்தவனுக்கு அந்த விதி பொருந்தாது என்று இரண்டு நூல்களிலும் அன்றே எழுதியிருக்கிறதாம்.