முள்மேட்டுச் சங்கம் வழி விட்ட கதை

ஒரு காட்டில் ஒரு சங்கம் இருந்தது. சிங்கம் இல்லை, குழந்தைகளே, சங்கம்தான். சிங்கமாவது பசித்தால்தான் கர்ஜிக்கும்.

அந்தக் காட்டின் நடுவே முள்மேடு என்று ஒரு மேடு. அதில் வளை தோண்டிக் குடியிருந்த விலங்குகள் ஒன்றுகூடி 'முள்மேட்டு வளைவாசிகள் நலச் சங்கம்' என்று ஒன்றை வைத்திருந்தன. எங்கள் தெருவிலும் இப்படி ஒரு சங்கம் உண்டு. நானும் அதில் உறுப்பினன். தெருவிளக்கை எந்தக் கம்பத்தில் மாட்டுவது என்று பேசிப் பேசி, இன்றுவரை இருட்டில் தடுமாறித்தான் வீட்டுக்குப் போகிறோம். ஆகவே இந்தக் கதையைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது.

முள்மேட்டுச் சங்கத்தின் தலைவர் முள்ளம்பன்றி. அதற்குப் பெருமை அதிகம். செயலாளர் கீரி. அதற்குச் சந்தேகம் அதிகம். தன் நிழலையே ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுத்தான் நடக்கும். துணைத் தலைவர் எறும்புத்தின்னி. கஷ்டமான கேள்வி எதுவும் வந்தால் அது உடனே சுருண்டு பந்தாகிவிடும். கடைசி வளையில் ஒரு முயல் இருந்தது. அதற்கு எல்லாவற்றுக்கும் பயம். அப்போதுதான் அது குட்டி போட்டிருந்தது.

மேட்டின் பின்பக்கம் செங்குத்தான பாறை. முன்பக்கம், மேட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவே, நீளமாக ஒரு முட்புதர் நிலம். அது சங்கத்தின் பொது நிலம். புதரின் அடியில் புகுந்து புகுந்து மேட்டுக்காரர்கள் வெளியே போய் வருவார்கள். மற்றபடி அந்த நிலத்தில் யாரும் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போட்டதில்லை. ஆனால் வேறு விலங்கு ஏதாவது அந்தப் பக்கம் தலையை நீட்டினால் போதும், "இது சங்கத்து இடம்!" என்று எல்லாம் ஒரே குரலில் கத்தும். சங்கம் ஒரே குரலில் பேசியது அந்த ஒரு விஷயத்தில்தான்.

ஒருநாள் யானை வந்தது. காட்டின் பொதுக் காரியங்களைப் பார்ப்பது யானைதான். அது கொடுத்த வாக்கை அப்படியே காப்பாற்றும். அதில் ஒரு சொல்லைக்கூடக் கூட்டாது, குறைக்காது.

"தலைவரே, ஆற்றுக்குப் போக இருக்கிற ஒரே வழி சிறுத்தையின் குகை வாசலில் போகிறது. தண்ணீர் குடிக்கப் போன மான்குட்டிகள் திரும்பி வருவதில்லை. சும்மா கிடக்கிற உங்கள் நிலத்தைக் காட்டுக்குக் கொடுங்கள். நான் மிதித்துப் பாதை போடுகிறேன். எல்லாரும் பயமில்லாமல் போய் வரட்டும்" என்றது யானை.

முள்ளம்பன்றிக்குப் பெருமை தாங்கவில்லை. அதன் முட்கள் எல்லாம் சிலிர்த்து நின்றன.

"தானம்! நம் சங்கம் தானம் கொடுக்கப் போகிறது!" என்று கூட்டத்தில் அறிவித்தது. "நம் பெயர்களைக் கல்லில் பொறிக்க வேண்டும். என் பெயர் மேலே."

"அதெல்லாம் இருக்கட்டும்," என்றது கீரி. "பாதையில் போகிறவர்கள் நம் வளைக்குள் எட்டிப் பார்த்தால்?"

"பார்த்தால் என்ன?" என்று முயல் மெல்லக் கேட்டது.

"இன்றைக்கு எட்டிப் பார்ப்பார்கள். நாளைக்கு உள்ளே வந்து உட்காருவார்கள்! நமக்கும் பாதைக்கும் நடுவே வேலி வேண்டும். இந்தப் பாறையிலிருந்து அந்தப் பாறை வரைக்கும். ஒரு திறப்புக்கூட இருக்கக் கூடாது. திறப்பு விட்டால் பாம்பு வரும்."

"வேலிக்கு அடியில் தோண்டிக்கொண்டு வந்தால்?" என்றது எறும்புத்தின்னி. தோண்டுவதைப் பற்றி அதற்கு நன்றாகத் தெரியும்.

"அடியில் கல் பாவிவிட வேண்டும்!" என்றது கீரி.

முயல் மறுபடியும் வாயைத் திறந்தது. "ஐயா, எனக்கு ஒரு பயம். கோடையில் மேட்டில் இருக்கிற நம் சுனை வற்றிவிட்டால், நாம் எப்படி ஆற்றுக்குப் போவது?"

"சுனை வற்றாது," என்றது முள்ளம்பன்றி. "வற்றாது என்று போன கூட்டத்திலேயே தீர்மானம் போட்டுவிட்டோம்."

எல்லாரும் எறும்புத்தின்னியைப் பார்த்தார்கள். அது பந்தாகிவிட்டிருந்தது. அதை ஆமோதிப்பு என்று எடுத்துக்கொண்டார்கள்.

யானை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டது. "வேலியில் ஒரு திறப்புக்கூட வேண்டாமா? நன்றாக யோசித்தீர்களா?" என்று திரும்பக் கேட்டது.

"சங்கம் யோசிக்காமல் பேசாது," என்றது முள்ளம்பன்றி.

யானை சொன்னபடியே செய்தது. புதர்களை மிதித்துப் பாதை போட்டது. பிடுங்கிய முட்களையெல்லாம் அள்ளி, பாறைக்குப் பாறை வேலியாக அடுக்கியது. அடியில் கனமான கல்லைப் பாவியது. ஓர் எலி வால்கூட நுழைய முடியாத வேலி.

திறப்பு விழா அன்று பாதையின் குறுக்கே ஒரு பச்சைப் படர்கொடியைக் கட்டியிருந்தார்கள். அதைத் தலைவர்தான் கடித்து அறுக்க வேண்டும். ஆனால் கொடி வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது, தலைவர் இந்தப் பக்கம் இருந்தார். தலைவர் நீளமாகப் பேசிக்கொண்டிருந்தபோதே ஒரு மான் அந்தக் கொடியைத் தின்றுவிட்டுப் போய்விட்டது.

பெயர்க் கல்லும் வந்தது. முள்ளம்பன்றி தன் முள்ளாலேயே எழுத்துகளைப் பொறித்தது. கல்லை வேலிக்கு உள்பக்கம், எழுத்து மேட்டைப் பார்க்க நிறுத்தினார்கள். வெளியே வைத்தால் யாராவது முதுகு சொறிவார்கள் என்று கீரிக்குச் சந்தேகம்.

கோடை வந்தது. தீர்மானத்தைப் பற்றி அதற்குத் தெரியாது போலிருக்கிறது. சுனை சேறானது, பிறகு சேறும் வெடித்தது.

மேட்டுக்காரர்கள் வேலி ஓரமாக வந்து நின்றார்கள். ஆறு சலசலப்பது கேட்டது, தெரிந்தது. அதை நோக்கி ஓர் அருமையான பாதையும் தெரிந்தது. அவர்களே கொடுத்த பாதை.

ஒரு மானும் அதன் குட்டியும் ஆற்றிலிருந்து திரும்பி வந்தன. மானின் தாடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஐயா, உங்களால்தான் என் குட்டி உயிரோடு இருக்கிறது. நீங்கள் எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும்!" என்றது மான்.

"பரவாயில்லை, பரவாயில்லை," என்றது முள்ளம்பன்றி. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு அதற்குமேல் பேச்சு வரவில்லை.

செய்தி கேட்டு யானை வந்தது. "துதிக்கையில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றட்டுமா?" என்று கேட்டது.

"தானம் கொடுத்த சங்கம் தண்ணீருக்குக் கையேந்துவதா? எங்களில் யாருக்கும் வேண்டாம்!" என்றது முள்ளம்பன்றி.

முயல் 'எனக்கு வேண்டும்' என்று சொல்ல நினைத்தது. தலைவரை எதிர்த்துப் பேசப் பயந்து வாயை மூடிக்கொண்டது.

"அப்படியானால் வேலியில் ஒரு திறப்பு விட்டுவிடலாம்," என்றது யானை. "எந்த இடத்தில் என்று சங்கம் ஒரே குரலில் சொல்லட்டும். இப்போதே முள்ளை இழுத்துப் போடுகிறேன்."

உடனே கூட்டம் கூடியது. திறப்பு வேண்டும் என்பதில் எல்லாருக்கும் சம்மதம்.

"ஆனால் என் வாசலில் வேண்டாம்," என்றது முள்ளம்பன்றி. "தலைவர் வீட்டு முன்னால் வருவோரும் போவோரும் புழுதி கிளப்பினால் மரியாதையாகவா இருக்கும்?"

"என் வாசலில் கூடவே கூடாது," என்றது கீரி. "முதலில் வரும் பாம்பு என்னைத்தான் தேடி வரும்."

"துணைத் தலைவர் என்ன சொல்கிறீர்கள்?" என்று கீரி கேட்டது.

எறும்புத்தின்னி மறுபடியும் பந்தாகிவிட்டது.

இப்படியே பொழுது போனது. முயல் தன் வளைக்குப் போனது. குட்டிகள் முட்டி முட்டிப் பால் தேடின. தாய்க்கே குடிக்கத் தண்ணீர் இல்லை, பால் எங்கிருந்து சுரக்கும்? ஒரு குட்டி முட்டுவதைக்கூட விட்டுவிட்டுக் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டது. முயலுக்கு அதுவரை பட்ட பயமெல்லாம் ஒரு பயமே இல்லை என்று தோன்றியது.

அது கூட்டத்துக்கு ஓடி வந்தது.

"என் வாசலில் வையுங்கள்!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"உனக்குத்தான் எல்லாவற்றுக்கும் பயமாயிற்றே?" என்றது கீரி.

"ஆமாம் அண்ணே. பாம்புக்குப் பயம், புழுதிக்குப் பயம், எட்டிப் பார்ப்பவர்களுக்கும் பயம், உங்களைப் பார்த்தாலும் பயம். ஆனால் என் குட்டி கண்ணை மூடிவிடுமோ என்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய பயமாக இருக்கிறது. யானை ஐயாவைக் கூப்பிடுங்கள்!"

'எங்கள் வாசலில் இல்லையே' என்ற நிம்மதியில் சங்கம் ஒரே குரலில் "சரி!" என்றது. பந்துகூட அவிழ்ந்து "சரி!" என்றது.

யானை ஒரே இழுப்பில் முட்களை விலக்கியது. முயல் குட்டிகளைக் கவ்விக்கொண்டு முதலில் ஓடியது. கண்ணை மூடிக் கிடந்த குட்டியின் வாயில் ஆற்றுத் தண்ணீர் பட்டதும் அது தும்மியது. தாய் முயல் அழுதுவிட்டது.

அன்று முதல் மேட்டுக்காரர்கள் எல்லாரும் முயல் வாசல் வழியாகத்தான் ஆற்றுக்குப் போனார்கள். முயல் பயந்தபடி யாரும் வளைக்குள் எட்டிப் பார்க்கவில்லை. மான்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வளைக்குள் பார்க்க என்னதான் இருக்கிறது? கீரிக்கு அது கொஞ்சம் வருத்தம்தான்.

வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வந்த முள்ளம்பன்றி, ஒருநாள் யானையை நிறுத்தியது.

"ஐயா, அந்தப் பெயர்க் கல்லை வெளிப்பக்கம் திருப்பி வையுங்களேன். நாங்கள் செய்த தானம் பாதையில் போகிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா?"

"திருப்பலாமே. கல்லில் என்ன எழுதியிருக்கிறது?"

முள்ளம்பன்றி வேலி ஓரம் போய், தான் பொறித்ததைத் தானே உரக்கப் படித்தது. முதலில் தன் பெயர். அதன்கீழ் மற்றவர்கள் பெயர். எல்லாவற்றுக்கும் கீழே, சின்ன எழுத்தில், 'இந்த வழி எல்லாருக்கும்.'

அந்தக் கடைசி வரியை இன்னொரு முறை படித்தது. பிறகு முட்கள் குலுங்கக் குலுங்கச் சிரித்தது.

"வேண்டாம் ஐயா, இந்தப் பக்கமே இருக்கட்டும். இதைப் படிக்க வேண்டியவர்கள் நாங்கள்தான்."

நீதி: ஊருக்கு வழி விடும்போது, நாமும் அந்த ஊரில் ஒருவர் என்பதை மறக்கக் கூடாது.