ஆறுமணிக் குருவி எட்டு மணிக்கு வந்த நாள்

ஏரிக்காட்டுச் சரணாலயத்தில் ஞாயிறுதோறும் குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு நடப்பவள் ஜெசிந்தா. அவளிடம் காடு கற்றுக்கொள்ள வந்தவர் குலசேகரன். வங்கி வேலையை விட்டுவிட்டு வந்தவர், அவளைவிட வயதில் நிறையவே மூத்தவர். இவர் அவளை மேடம் என்பார், அவள் இவரை சார் என்பாள். குரு, சீடன் என்று யாராவது சொன்னால் இரண்டு பேருமே சிரித்துவிடுவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முதல்முறையாக அவரை முன்னால் நடக்கச் சொன்னாள். அவள் கடைசி ஆளாகப் பின்னால் வந்தாள்.

கூட்டத்தில் நவ்ஷாத், அவர் மனைவி ஷமீமா, மகள் அஃப்ரா. வாராவாரம் வருகிறார்கள், எல்லாம் ஓர் ஆறுமணிக் குருவிக்காக. அது விடியும்போதும் பொழுது சாயும்போதும் ஆறு மணி வாக்கில் விசில் அடிக்கும். மற்ற நேரமெல்லாம் புதருக்குள் சருகைக் கிளறிக்கொண்டிருக்கும். ஞாயிறு நடை தொடங்குவதே ஏழு மணிக்கு. பிறகு எங்கே பார்ப்பது?

"வியாழக்கிழமை ஷார்ஜாவுக்கே குடி போயிடுறோம் சார்," என்றார் நவ்ஷாத். "இன்னைக்காவது கண்ணுல படுமா?"

"காட்டிடலாம்," என்றார் குலசேகரன். சொல்லியிருக்க வேண்டாம். சொல்லிவிட்டார்.

அந்தக் குருவி தங்கும் காரைமுள் புதர் வந்தது. அவருடைய போனில் அந்தக் குருவியின் குரல் பதிவாகி இருந்தது. சட்டைப்பைக்குள்ளேயே வைத்து, யாருக்கும் தெரியாமல் அழுத்தினார்.

புதருக்குள்ளிருந்து பதில் வந்தது. அப்புறம் குருவியே வந்தது.

பச்சை முதுகு, தோளில் நீலம், அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு, கண்ணோரம் மை தீட்டிய கறுப்பு. ஒரு கைக்குள் அடங்கும் உயிருக்கு இத்தனை நிறம் எதற்கு என்று தோன்றியது. நெஞ்சை நிமிர்த்தி, தலையைப் பின்னால் சாய்த்து, அவர்களைப் பார்த்தே விசில் அடித்தது.

யாரும் அசையவில்லை. ஷமீமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. குலசேகரனுக்கே உடம்பு சிலிர்த்தது.

"அம்மா, அது நம்மளப் பாக்கத்தான் வந்துச்சு," என்றாள் அஃப்ரா, ரகசியமாக.

எல்லாரும் கிளம்பிப் போன பிறகு ஜெசிந்தா கேட்டாள். "எட்டு மணிக்கு அது கத்தாதே சார்?"

அவர் போனை எடுத்துக் காட்டினார். "தப்பா மேடம்? அந்தப் புள்ள முகத்தப் பாத்தீங்கல்ல. ஆயுசுக்கும் மறக்காது."

"மறக்காது."

"பாக்க வந்தவங்களுக்குக் காட்டுறதுதானே நம்ம வேலை?"

அவள் காரைப்புதர் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அடுத்த வாரமும் நான் முன்னால நடக்கலாமா?"

"சாயங்காலம் வாங்க. சொல்றேன்."

சாயங்காலம் அவர் வந்தபோது, காரைப்புதருக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் காலி டிபன் பாக்ஸ். காலையில் போட்டிருந்த அதே சட்டை.

"வீட்டுக்குப் போகலையா மேடம்?"

"உக்காருங்க."

உட்கார்ந்தார். புதரடியில் அந்தக் குருவி தெரிந்தது.

"இமயமலை அடிவாரத்துலேர்ந்து வருது சார்," என்றாள் மெதுவாக. "ராத்திரி ராத்திரியாப் பறந்து. வருஷா வருஷம் இந்தப் புதருக்கே வருது."

"இத்தனூண்டு உடம்ப வச்சுக்கிட்டா?"

"இத்தனூண்டு உடம்ப வச்சுக்கிட்டுத்தான். வந்து எடம் புடிச்சா, தன் சாதியில இன்னொன்ன உள்ள விடாது. அதோட கொரல் கேட்டாலே தேடிப் போய் வெரட்டும்."

குலசேகரன் கைகூப்பாத குறையாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை ஊர், எத்தனை ஆறு தாண்டி வந்து, கடைசியில் இந்த முள்ளுப் புதர்.

ஆனால் அது சருகைக் கிளறவில்லை. தத்திப் போய் நின்றது. தலையைச் சாய்த்தது. விசில் அடித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தது. புதரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் மறுபடி விசில் அடித்தது, மறுபடி காத்திருந்தது.

ஆறு மணி தாண்டிவிட்டது.

"இந்நேரம் மரத்துல அடைஞ்சிருக்கணும்," என்றாள் ஜெசிந்தா. "காலையிலேர்ந்து இப்படித்தான். ஒரு புழுகூட எடுக்கல."

வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. குருவி காலையில் நின்ற அதே இடத்துக்கு வந்து, நெஞ்சை நிமிர்த்தி நின்றது.

"யாரத் தேடுது மேடம்?"

"உங்களத்தான் சார்."