மெஷினுக்கு மூன்று உண்டைக்கட்டி

கொட்டாவிப்பட்டி முருகன் கோயிலில் சாயங்காலப் பூசைக்குக் கொட்டுகிறவர்கள் மூன்று பேர். சன்னாசி முரசு அடிப்பான். ஒச்சு மணி அடிப்பான். மொக்கராசு சேகண்டி தட்டுவான். மூவருக்கும் சேர்த்து மூளை ஒன்றுதான் என்று ஊரில் சொல்வார்கள். அது வீண் பழி. அந்த ஒன்றைக்கூட யாரும் பார்த்ததில்லை.

பூசை முடிந்ததும் ஆளுக்கு ஓர் உண்டைக்கட்டி கிடைக்கும். உள்ளங்கை கொள்ளாத பொங்கல் உருண்டை, நெய் மணக்க மணக்க. "கொட்டுற ஆளுக்குத்தான் கட்டி" என்பது அந்தக் கோயில் வழக்கம். சன்னாசி தன்னுடையதை இலையில் மடித்து வீட்டுக்குக் கொண்டுபோவான். அவன் பெண்டாட்டி மாயக்கா அதை இரண்டாகப் பிய்ப்பாள். இருவருக்கும் ராச்சாப்பாடு அதுதான்.

இப்படி இருக்கையில், பனியன் வியாபாரத்தில் கொழித்த ஊர்க்காரர் ஒருவர் கோயிலுக்கு ஒரு மெஷின் வாங்கிக் கொடுத்தார். சுவிட்சைத் தட்டினால் முரசு, மணி, சேகண்டி மூன்றையும் தானே அடிக்கும். முதல் நாள் அது போட்ட போட்டில் மயில் வாகனம் ஒரு சாண் நகர்ந்துவிட்டதாகப் பேச்சு.

தர்மகர்த்தா வீரபத்திரன் மூவரையும் கூப்பிட்டார்.

"இனிமே நீங்க வர வேண்டாம்ப்பா. கொட்டுற ஆளுக்குத்தான் கட்டி. வழக்கத்தை நான் மாத்த முடியுமா?"

"மாத்தக் கூடாதுங்க" என்றான் சன்னாசி. ராச்சாப்பாடு போச்சுதான். ஆனால் நியாயம் நியாயம்தானே.

வெறுங்கையோடு வந்தவனை மாயக்கா மேலும் கீழும் பார்த்தாள்.

"கட்டி எங்கய்யா?"

"மெஷினுக்கு."

"மெஷினு சோறு திங்குமா?"

"அந்த அடி அடிக்குது, பசிக்காதா புள்ள?"

மாயக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "நாளைக்குக் கட்டி இல்லாம இந்த வாசப்படிய மிதிச்ச, தெரியும் சேதி!"

மறுநாள் மெஷின் சாப்பிடுகிற அழகைப் பார்க்க மூவரும் தூணுக்குப் பின்னால் நின்றார்கள். பூசை முடிந்தது. மெஷின் பக்கம் ஒருவரும் போகவில்லை. மூன்று கட்டியும் மடைப்பள்ளிக்கே திரும்பிப் போயின. சன்னாசிக்கு வயிறு பற்றி எரிந்தது. பாதி கோபம், மீதி பசி.

"பாத்தியாடா அக்கிரமத்த? வேலை மட்டும் வாங்குறாக, சோறு போடல."

"வாயில்லாப் பூச்சில்ல, அதான் ஏய்க்கிறாக" என்றான் ஒச்சு.

"அதுக்குச் சொந்தபந்தம் உண்டா?" என்று கேட்டான் மொக்கராசு.

சன்னாசி வெகுநேரம் யோசித்தான். "அது பாக்குறது நம்ம வேலை. அப்ப நாமதான் சொந்தம்."

ஆக, வேலை போன மூவரும், வேலையைப் பறித்த மெஷினுக்குக் கூலி கேட்டுக் கோயில் வாசலில் உட்கார்ந்து கோஷம் போட்டார்கள். தர்மகர்த்தாவுக்கு அன்று பேரன் காதுகுத்து. "அதுக்கே குடுத்துத் தொலைங்கடா!" என்று கத்திவிட்டு வண்டியில் ஏறினார்.

கொடுத்தார்கள். மெஷினில் முரசுக்குப் பின்னால் ஒரு சந்து இருந்தது. சன்னாசி ஊட்டினான். ஒச்சு விசிறினான். மொக்கராசு ஏப்பம் வரட்டும் என்று முதுகைத் தட்டிக்கொடுத்தான். அடுத்த பூசையில் சுவிட்சைத் தட்டியதும் டப்பென்று ஒரு சத்தம். பிறகு முந்திரி வறுபடும் வாசனை. பிறகு புகை. பக்தர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"மூணையும் ஒண்ணா குடுத்திருக்கக் கூடாது" என்றான் ஒச்சு. "செரிக்கல."

மெக்கானிக் வந்து மிளகு மிளகாகப் பொறுக்கி எடுத்துச் சரிசெய்தான். தர்மகர்த்தா அடிக்கத்தான் கையை ஓங்கினார். மூன்று ஒட்டிய வயிற்றைப் பார்த்ததும் கை தானாக இறங்கிவிட்டது.

"வேலையத்தான் மெஷினு எடுத்துக்கிச்சு, உங்க பசியையுமா எடுத்துக்கிச்சு? அது கொட்டுற வரைக்கும் அதோட கட்டிய நீங்க தின்னுங்கப்பா. மெஷின மட்டும் தொடாதீங்க, சாமி!"

நல்ல மனுஷர். தீர்ப்பும் நல்ல தீர்ப்பு. உலகத்தில் பெரிய பெரிய படிப்பாளிகளெல்லாம் இதைத்தான் மாநாடு போட்டு இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். என்ன, அவர்கள் கூட்டத்தில் சன்னாசி இல்லை.

"கொட்டுற வரைக்கும்னாரு, கவனிச்சியா?" என்றான் சன்னாசி.

"கொட்டு நின்னா?" என்று கேட்டான் மொக்கராசு.

"வாயும் நிக்கணும். நாணயம்னு ஒண்ணு இருக்குல்ல."

அன்றிலிருந்து கட்டியைப் பூசைக்கு முன்னாடியே வாங்கி வைத்துக்கொண்டு, மெஷின் தடதடக்கத் தொடங்கியதும் மூவரும் லபக் லபக்கென்று விழுங்குவார்கள். அது நின்றதும், மென்றது பாதி மெல்லாதது பாதியாக அப்படியே கையைக் கழுவிவிடுவார்கள். ஒச்சுவுக்கு விக்கல் நிரந்தரமாகிவிட்டது. சன்னாசிக்கு வேறு கவலை. வீட்டில் கொட்டுச் சத்தம் கேட்காது, அதனால் கட்டியை அங்கே கொண்டுபோக முடியாது. கட்டி இல்லாமல் வாசற்படியை மிதிக்கக் கூடாது என்பதால் அவன் தினமும் கொல்லைச் சுவர் ஏறிக் குதித்துத்தான் வீட்டுக்குப் போனான். உள்ளே மாயக்கா பட்டினி கிடந்ததுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

கிருத்திகை வந்தது. அன்றைக்குப் பூசை நீளம், கொட்டும் நீளம். சன்னாசி மாயக்காவையே கோயிலுக்கு அழைத்து வந்து, மெஷின் எதிரில் உட்காரவைத்து, முன்னால் இலையைப் போட்டு மூன்று கட்டியையும் வைத்தான். மெஷின் முழங்கியது. மாயக்கா முதல் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோனாள்.

கரண்டு போய்விட்டது.

சன்னாசி பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "நிறுத்து புள்ள! கொட்டு நின்னுருச்சு!"

"யோவ், விடுய்யா! பசி உசுரு போகுது!"

மூவரும் கூடி ஆலோசித்தார்கள்.

"பழைய முரச எடுத்து நான் அடிக்கிறேன், நீங்க எல்லாம் தின்னுங்க" என்றான் சன்னாசி.

"நீ கொட்டுனா கட்டி ஒனக்குத்தான? நாங்க எப்படித் திங்கிறது?" என்றான் மொக்கராசு.

"அப்ப எல்லாரும் கொட்டணும்" என்றான் ஒச்சு, விக்கலுக்கு நடுவே.

மறுபேச்சுக்கு இடமில்லாத நியாயம். சன்னாசி முரசை எடுத்தான், ஒச்சு மணிக்கயிற்றைப் பிடித்தான், மொக்கராசு சேகண்டியை எடுத்தான், மாயக்கா கையில் ஒரு ஜால்ராவைத் திணித்தார்கள். சண்டை போடத் தெம்பில்லாமல் அவளும் தட்டினாள். நாலு பேரும் வெளுத்து வாங்கினார்கள். நாலு பேருக்கும் இப்போது கட்டியில் உரிமை வந்துவிட்டது. எடுத்துத் தின்னத்தான் ஒருவருக்கும் கை ஒழியவில்லை.

அப்போது ஒரு தெருநாய் உள்ளே வந்தது. நாலு பேரையும் ஒரு பார்வை பார்த்தது. இலைக்கு முன்னால் வசதியாக நின்றுகொண்டு முதல் கட்டியில் வாய் வைத்தது.

"யோவ், நாயி!" என்று அலறினாள் மாயக்கா.

மொக்கராசு சேகண்டிக் கட்டையை ஓங்கினான். சன்னாசி தடுத்துவிட்டான்.

"அடிக்காதடா. தெருமுனையில கேமரா வெச்சதுலேர்ந்து அதுக்கும் வேலை இல்ல."

மாயக்கா ஜால்ராவைக் கீழே போட்டாள். சன்னாசி பதறிப்போனான்.

"ஐயோ, நிறுத்தாத புள்ள, தட்டு தட்டு! பாவம், அது இன்னும் பாதிகூடத் திங்கல!"